கத்தாரில் கஃபாலா உண்மையிலேயே போய்விட்டதா? யாருடைய அழுத்தத்தால்?

தேக்கா வாசகி:

வணக்கம். இங்கே சிங்கப்பூரில் வேலை பெர்மிட் முடிந்து ஊர் திரும்பும் கட்டுமான ஊழியர்களிடம் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்து ஏஜென்டுகள் இப்போது கத்தார் வேலையைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். பேச்சு எப்போதும் ஒரே மாதிரி: "கால்பந்து உலகக் கோப்பைக்கு அப்புறம் சட்டமெல்லாம் மாறிடுச்சு. கஃபாலா கிடையாது. கம்பெனி பிடிக்கலைன்னா மாறிக்கலாம். ஆயிரம் ரியால் சட்டப்படியே உண்டு."

இதில் எது உண்மை, எது பாதி உண்மை? அடுத்தது, இந்த மாற்றங்கள் எல்லாம் வெளிநாட்டு அழுத்தத்தால் வந்தவை என்கிறார்கள். மனித உரிமை அமைப்பு ஓர் அறிக்கை விட்டால் வளைகுடா அரசு ஒன்று சட்டத்தை மாற்றிவிடுமா? வாசகர் வட்டத்தில் இதைப் பேசவிருக்கிறோம். ஆண்டு, சட்ட எண்ணோடு சொன்னால் உதவியாக இருக்கும். வளைகுடா என்றாலே நரகம் என்ற வசனமும் வேண்டாம், எல்லாம் சரியாகிவிட்டது என்ற தூதரகப் பேச்சும் வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:

ஏஜென்ட் சொல்லும் சட்டங்கள் இருக்கின்றன. அவற்றில் எது எங்கே சிக்கும் என்பதைத்தான் அவர் சொல்லமாட்டார்.

கஃபாலா, அதாவது ஊழியரை முதலாளியோடு கட்டிப்போடும் முறை, ஒரே சட்டம் இல்லை, நாலு கயிறு. ஊழியரை நாட்டுக்குள் வரவழைப்பது முதலாளி. வதிவிட அட்டையை எடுப்பதும் புதுப்பிப்பதும் அவரே. வேறு கம்பெனிக்குப் போக அவருடைய 'ஆட்சேபம் இல்லை' கடிதம் வேண்டும். ஊருக்குப் போகவும் அவர் கையெழுத்து வேண்டும். இந்த நான்கில் கடைசி இரண்டைத்தான் அறுத்தார்கள்.

வெளியேறும் அனுமதி: 2018ஆம் ஆண்டின் 13ஆம் எண் சட்டம் பெரும்பாலான தனியார் ஊழியர்களுக்கு அதை நீக்கியது. ஆனால் பணியாளர்களில் 5 விழுக்காட்டினர் வரை "இவர்கள் சொல்லாமல் போகக்கூடாது" என்று கம்பெனி பட்டியல் கொடுக்கலாம். வீட்டு வேலை செய்வோருக்கு 2020 ஜனவரியில்தான் விடுதலை. அதிலும் 72 மணி நேரம் முன்னதாக முதலாளியிடம் சொல்லவேண்டும்.

வேலை மாறுதல்: 2020ஆம் ஆண்டின் 18, 19ஆம் எண் சட்டங்கள். இரண்டு ஆண்டு வரை வேலை பார்த்தவர் ஒரு மாத முன்னறிவிப்பு, அதற்கு மேல் என்றால் இரண்டு மாதம். தகுதிகாண் காலத்திலேயே மாறினால் ஒரு மாத முன்னறிவிப்பு கொடுக்கவேண்டும். பழைய முதலாளிக்கு இரண்டு மாத அடிப்படைச் சம்பளம் வரை புது முதலாளி இழப்பீடு தரவேண்டும். தகுதிகாண் காலம் ஆறு மாதத்துக்கு மேல் போகக்கூடாது.

சம்பளம்: 2020ஆம் ஆண்டின் 17ஆம் எண் சட்டம், 2021 மார்ச் 20 முதல் நடப்பில். அடிப்படை 1,000 ரியால். தங்குமிடம் கம்பெனி தராவிட்டால் 500, சாப்பாடு தராவிட்டால் 300. எந்த நாட்டவர், எந்த வேலை என்ற பேதமில்லாமல் வீட்டு வேலை செய்வோருக்கும் இது பொருந்தும். வளைகுடாவில் அப்படி வந்த முதல் சட்டம் இது. ஆயிரம் ரியால் சுமார் 275 அமெரிக்க டாலர். சிங்கப்பூரில் வாங்கிய சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும், ஏஜென்ட் குரலில் இருக்கும் உற்சாகம் அப்போது அடங்கும்.

இதில் ஒரு நுணுக்கம். ஓவர்டைமும் பணிக்கொடையும் அடிப்படைச் சம்பளத்தில்தான் கணக்கிடப்படும். "மொத்தம் 1,800" என்று வாய்வார்த்தை வந்தால் அதில் 800 படியாக இருக்கலாம். 1,000ஐ 30ஆல் வகுத்து, பிறகு 8ஆல் வகுத்தால் மணிக்கு 4.17 ரியால். சாதாரண ஓவர்டைமுக்கு 25 விழுக்காடு கூட்டினால் 5.21 ரியால். இங்கே ஓவர்டைம் ஒன்றரை மடங்கு என்று பழகியவர் அதே கணக்கை மனதில் போட்டுக்கொண்டு போனால் முதல் மாதமே ஏமாறுவார்.

வேலை மாறுவதில் எங்கே இடிக்கிறது என்றால்:

காகிதத்தில் பழைய முதலாளியின் சம்மதம் வேண்டாம். ஆனால் முத்திரை குத்திய ராஜினாமாக் கடிதம் கொண்டுவா என்று கேட்கும் வழக்கம் சட்டத்துக்குப் பின்னாலேயே வந்துவிட்டது. முத்திரை யாரிடம்? பழைய முதலாளியிடம். அம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பும் வேறு சில கண்காணிப்பு அமைப்புகளும் இதைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கின்றன. பழைய கஃபாலா புதுச் சட்டை போட்டு வந்த கதை.

இன்னொன்று, 'ஓடிப்போனான்' புகார். ஊழியர் முன்னறிவிப்பு கொடுத்த மறுவாரமே முதலாளி இந்தப் புகாரைக் கொடுத்தால் ஊழியர் சட்டவிரோதமாகத் தங்கியவராகி, பிடிபட்டால் நாடு கடத்தல் வரை போகும். வதிவிட அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுவது இன்னும் எளிய வழி. புகாரே தேவையில்லை, அட்டை தானாகக் காலாவதியாகும். ஆகவே மாற நினைப்பவர் அட்டை முடியும் தேதியை முதலில் பார்க்கவேண்டும். முன்னறிவிப்பை அமைச்சின் இணைய முறை வழியாகவே கொடுக்கவேண்டும். போர்மேனிடம் கொடுத்த கடிதம் எந்த வழக்கிலும் நிற்காது. விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்ற குறுஞ்செய்தி வரும்வரை பழைய வேலையை ஒரு நாள்கூட விடக்கூடாது.

இதனால் யாருமே மாறமுடியவில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. முதல் இரண்டு ஆண்டில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மாற்ற விண்ணப்பங்கள் ஏற்கப்பட்டதாக ஐ.நா.வைச் சேர்ந்த உலகத் தொழிலாளர் அமைப்பு (ஐஎல்ஓ) சொல்கிறது. குறைந்தபட்சச் சம்பளம் வந்ததில் 2,80,000 பேருக்கு, அதாவது பணியாளர்களில் 13 விழுக்காட்டினருக்கு, அடிப்படை ஏறியிருக்கிறது.

சிராங்கூன் நூலகன்:

அழுத்தம் பற்றிய கேள்விக்கு. அறிக்கைகளால் மட்டும் நடந்ததில்லை. கத்தார் விஷயத்தில் மூன்று சங்கதி ஒரே நேரத்தில் கூடின.

முதலாவது, நடைமுறை. 2014 ஜூனில் ஜெனீவாவில் நடந்த தொழிலாளர் மாநாட்டில் தொழிலாளர் பிரதிநிதிகள் 12 பேர், உலகத் தொழிலாளர் அமைப்பின் சாசனம் 26ஆம் பிரிவின்கீழ் கத்தார்மீது முறையீடு கொடுத்தார்கள். கட்டாய உழைப்பு பற்றிய 29ஆம் உடன்படிக்கையையும் தொழிலாளர் ஆய்வு பற்றிய 81ஆம் உடன்படிக்கையையும் மீறுகிறது என்பது குற்றச்சாட்டு. இரண்டையும் கத்தார் ஏற்றுக் கையெழுத்திட்ட நாடு, அதனால்தான் பிடி கிடைத்தது. ஏற்காத உடன்படிக்கையை மீறியதாக இந்தப் பிரிவில் முறையிட முடியாது. சங்கம் அமைக்கும் உரிமை பற்றிய 87ஆம் உடன்படிக்கையைக் கத்தார் ஏற்கவில்லை, ஆகவே அந்த உரிமை முறையீட்டின் மையத்தில் இல்லை. பின்னால் வந்த சீர்திருத்தத்திலும் அதற்கு இடமில்லாமல் போனது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்த முறையீட்டின் கடைசிப் படி விசாரணை ஆணையம். அந்த அமைப்பின் நூறாண்டு வரலாற்றில் மிக அரிதாகத்தான் அது அமைக்கப்பட்டிருக்கிறது. நிர்வாகக் குழு உடனே ஆணையம் அமைக்காமல், கூட்டத்துக்குக் கூட்டம் ஒத்திவைத்து, ஒவ்வொரு தடவையும் "அடுத்த கூட்டத்துக்குள் என்ன செய்தீர்கள் என்று காட்டுங்கள்" என்றது. 2016 மார்ச்சில் அரசு, முதலாளி, தொழிலாளி என்ற முத்தரப்புக் குழு நேரில் போய்ப் பார்த்தது. 2017 நவம்பரில் கத்தார் மூன்றாண்டுக் கூட்டுத் திட்டத்துக்கு ஒப்புக்கொண்டதும் முறையீடு முடித்துவைக்கப்பட்டது. 2018 ஏப்ரலில் தோஹாவில் அலுவலகம் திறந்தார்கள். நாள் குறிக்கப்பட்ட கத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, உலகக் கோப்பை. 2010இல் கொடுத்தார்கள், 2022இல் நடந்தது. நடுவில் பன்னிரண்டு ஆண்டுகள் உலகப் பத்திரிகைகளின் பார்வை அங்கேயே இருந்தது.

மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2017 ஜூனில் சவூதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து நான்கும் கத்தாரை முற்றுகையிட்டன. தரைவழி அடைப்பு, வான்வழி அடைப்பு. அந்த நேரத்தில் கத்தாருக்கு மேலை நாடுகளின் நல்லெண்ணம் உணவுக்கு அடுத்தபடி தேவைப்பட்டது. முறையீடு முடித்துவைக்கப்பட்ட மாதத்தை மறுபடி பாருங்கள்: முற்றுகை தொடங்கி ஐந்தே மாதம்.

சட்டங்கள் வந்த வரிசையும் இதைக் காட்டும். 2015இல் சம்பளத்தை வங்கி வழியாகக் கொடுக்கும் முறை வந்தது. அதே ஆண்டின் 21ஆம் எண் சட்டம் கஃபாலா என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு உள்ளடக்கத்தைப் பெரும்பாலும் வைத்துக்கொண்டது. உண்மையான வெட்டு எல்லாம் 2017 முதல்தான்: அந்த ஆண்டு தகராறு தீர்ப்புக் குழுக்கள், வீட்டு வேலையாட்களுக்கான 15ஆம் எண் சட்டம், 2018இல் ஊழியர் ஆதரவு நிதி, 2020இல் மேலே சொன்னவை.

பீஷான் மாறன்:

ஒரு குறுக்குக் கேள்வி. இந்த மேலை நாட்டு அக்கறை எல்லாம் பாசாங்கு இல்லையா? அந்த அரங்குகளின் விளம்பரப் பணத்தை எண்ணியவர்கள் யார்? 2022 நவம்பரில் ஐரோப்பிய நாடாளுமன்றம் கத்தாரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. அடுத்த மாதமே அதே நாடாளுமன்றத்தின் துணைத் தலைவர் ஒருவரைக் கத்தார் பணம் வாங்கியதாகச் சந்தேகித்து பெல்ஜியப் போலீஸ் பிடித்தது. அவர் மறுத்தார், கத்தாரும் மறுத்தது, அது வேறு. 6,500 பேர் அரங்கு கட்டும்போது செத்தார்கள் என்று இன்னமும் எழுதுகிறார்கள், அதுவும் பொய்க்கணக்கு.

மேலும், நம் ஊரைப் பார்க்காமல் அடுத்த ஊரைப் பேசுவானேன்? இங்கே கட்டுமானப் பெர்மிட்காரர் முதலாளி சம்மதமில்லாமல் மாற, பெர்மிட் முடிவதற்கு 40 நாளிலிருந்து 21 நாள் வரைக்கும்தான் வாசல் திறந்திருக்கிறது. கத்தார் சட்டமோ முன்னறிவிப்பு கொடுத்தால் எப்போது வேண்டுமானாலும் என்கிறது.

மருந்தகத் தாழ்வாரம்:

மாறன், எண் விஷயத்தில் நீங்கள் பாதி சரி. பொய்க்கணக்கு என்பது தவறு, தவறாகப் படிக்கப்பட்ட கணக்கு என்பதே சரி.

6,500 என்பது கார்டியன் நாளேடு 2021 பிப்ரவரியில் வெளியிட்டது. இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், பங்களாதேஷ், இலங்கை ஆகிய ஐந்து நாட்டவர், உலகக் கோப்பை கிடைத்ததிலிருந்து பத்தாண்டுகளில், எந்த வேலையில் இருந்தாலும், எந்தக் காரணத்தால் இறந்திருந்தாலும் சேர்த்து எண்ணியது. அரங்குக்காரர்கள் என்று அந்தச் செய்தியே சொல்லவில்லை. அரங்கு வேலை இடங்களில் 37 இறப்பு, அதில் 3 மட்டுமே வேலை தொடர்பானவை என்பது போட்டி அமைப்பாளர்களின் கணக்கு. 2022 நவம்பரில் அந்த அமைப்பின் பொதுச் செயலாளரே தொலைக்காட்சிப் பேட்டியில் 400க்கும் 500க்கும் இடையில் என்று ஒரு எண் சொன்னார். நாடு முழுக்க 2020 என்ற ஓராண்டில் மட்டும் 50 பேர் வேலையில் இறந்தார்கள், 500 பேருக்குச் சற்று மேல் படுகாயம் என்பது உலகத் தொழிலாளர் அமைப்பு மருத்துவமனைப் பதிவுகளைக் கூட்டி எடுத்தது.

இத்தனை எண்ணும் ஒன்றோடொன்று ஒட்டாததற்குக் காரணம் இறப்புச் சான்றிதழ். 25 வயது, 30 வயது ஆள் தூக்கத்தில் செத்தால் "இயற்கை மரணம்", "இதயம் நின்றது" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். இதயம் நிற்பது இறப்பின் விளைவு, காரணம் ஆகாது. ஆனால் அந்த ஒரு வரி எழுதப்பட்டதும் வேலை தொடர்பான மரணம் இல்லை என்றாகிவிடும். அப்புறம் விசாரணை இல்லை, கம்பெனியிடமிருந்து இழப்பீடும் இல்லை. வேலை விபத்து என்று பதிவானால் குடும்பத்துக்கு 2,00,000 ரியால் வரை வரவேண்டியது, அந்த வரியிலே போய்விடுகிறது.

வெயிலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பதற்கு 2019இல் இதயநோய் ஆய்விதழ் ஒன்றில் வந்த கட்டுரையைப் பார்க்கலாம். கத்தாரில் 2009 முதல் 2017 வரை இறந்த 1,300க்கும் மேற்பட்ட நேபாளிகளை எடுத்துப் பார்த்தார்கள். குளிர்மாதங்களில் இறந்தவர்களில் 22 விழுக்காட்டினரின் மரணம் இதயம் சார்ந்தது. வெயில்மாதங்களில் அது 58 விழுக்காடு. இதயநோய் என்று பதிவான 571 மரணங்களில் 200 வரை தடுத்திருக்கலாம் என்பது அவர்கள் மதிப்பீடு.

இந்த இடத்தில் அழுத்தம் வேலை செய்ததைக் கண்ணால் பார்க்கலாம். பழைய விதி ஜூன் 15 முதல் ஆகஸ்ட் 31 வரை, முற்பகல் 11.30 முதல் 3 மணி வரை வெளிவேலைக்குத் தடை. 2021இல் வந்த 17ஆம் எண் அமைச்சு ஆணை அதை ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 10 முதல் மாலை 3.30 வரை என்று நீட்டியது. கூடவே மணி பார்க்காத விதி ஒன்றும் வந்தது: வெப்பம், ஈரப்பதம், காற்று, வெயில் நான்கையும் சேர்த்து அளக்கும் டபிள்யூபிஜிடி என்ற அளவு 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த மாதமானாலும் எந்த நேரமானாலும் வேலையை நிறுத்தவேண்டும். வெப்பத்தால் பாதிக்கப்பட்டு அங்கே செம்பிறைச் சங்க மருந்தகங்களுக்கு வந்தவர்கள் 2020 கோடையில் 1,520 பேர், 2021இல் 620, 2022இல் 351.

சிங்கப்பூரோடு ஒப்பிடச் சொன்னீர்களே. இங்கே மனிதவள அமைச்சின் 2023 விதிப்படி அதே அளவு 32ஐத் தொட்டால் கடும் உடலுழைப்புக்கு மணிக்குப் பத்து நிமிட ஓய்வு. அங்கே நிறுத்தம், இங்கே இடைவேளை. காகிதத்தில் கத்தார் கடுமை. ஆனால் அளக்கும் கருவி யார் கையில், அளவைக் குறைத்து எழுதிவைத்தால் யார் கேட்பது என்பது இரண்டு ஊருக்கும் பொதுவான கேள்வி. செப்டம்பர் 16 காலையில் வெயில் காலண்டர் பார்த்துத் தணிவதும் இல்லை, மணித்தடை மட்டும்தான் முடிகிறது. குறுஞ்செய்தியில் தடை முடிந்தது என்று வந்ததும் 32.1 விதி இன்னும் இருக்கிறது என்பதைப் பல மேற்பார்வையாளர்கள் மறந்துபோகிறார்கள்.

சிராங்கூன் நூலகன்:

பாசாங்கு பற்றி மாறனுக்கு ஒரு வார்த்தை. பாசாங்கு உண்டு. பாசாங்கு இருந்தும் சட்டம் மாறியது என்பதுதான் இந்த விஷயத்தில் சுவாரசியம். மாறாத இடத்தைப் பார்க்கவேண்டுமானால் கடல் தாண்டிப் பஹ்ரைனுக்குப் போகவேண்டும்.

2011 பிப்ரவரி 14இல் அங்கே போராட்டம் வெடித்தது. மார்ச்சில் சவூதி தலைமையில் வளைகுடாப் படை நுழைந்தது. ஜூனில் மன்னரே சட்டப் பேராசிரியர் செரிஃப் பசியூனி தலைமையில் ஐவர் ஆணையம் அமைத்தார். நவம்பர் 23இல் மன்னர் முன்னிலையில் அறிக்கை வாசிக்கப்பட்டது: காவலில் திட்டமிட்ட சித்திரவதை நடந்திருக்கிறது, ஐவர் சித்திரவதையால் இறந்தார்கள், போராட்டத்தை ஈரான் இயக்கியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பரிந்துரைகள் 26. ஓர் அரசு தன்னைப் பற்றித் தானே கேட்டு வாங்கிய இவ்வளவு நேரான அறிக்கை அந்தப் பகுதியில் வேறு இல்லை.

பிறகு? குறைதீர்ப்பாளர் அலுவலகம் வந்தது, சிறப்பு விசாரணைப் பிரிவு வந்தது, பயிற்சிகள் வந்தன. 2016இல் பெரிய எதிர்க்கட்சியான அல் வெஃபாக் கலைக்கப்பட்டது. 2017 ஜனவரியில், 2010க்குப் பிறகு முதன்முறையாக, மூன்று பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஜூனில் சுதந்திர நாளேடான அல் வசத் மூடப்பட்டது. அமெரிக்கா நிறுத்திவைத்த ஆயுத விற்பனையை 2015இல் மறுபடி தொடங்கியது. எஃப்-16 விமானங்களுக்குப் போட்டிருந்த மனித உரிமை நிபந்தனையை 2017இல் எடுத்துவிட்டது. அமெரிக்காவின் ஐந்தாம் கடற்படையின் தலைமையகம் அங்கே இருக்கும்போது நிபந்தனை எத்தனை நாள் நிற்கும்? 2011இல் ரத்தான பார்முலா ஒன் பந்தயம் 2012இல் திரும்பி வந்துவிட்டது. நம் மரீனா பே இரவுப் பந்தயமும் அதே நாட்காட்டியில்தான் இருக்கிறது, அந்த வருத்தத்தையும் சேர்த்தே சொல்கிறேன். 2024 ஏப்ரலில் 1,584 பேருக்குப் பொதுமன்னிப்பு கிடைத்தது உண்மை, அது சின்ன விஷயமும் இல்லை. ஆனால் முன்னணித் தலைவர்கள் சிலர் உள்ளேயே இருந்தார்கள்.

பஹ்ரைனில் கேட்கப்பட்டது ஆட்சியில் பங்கு. கத்தாரில் கேட்கப்பட்டது சம்பளமும் நிழலும் பாஸ்போர்ட்டும். அரியணையைத் தொடாத கோரிக்கைக்கு இடம் கொடுப்பார்கள். கத்தாருக்குள்ளேயே இந்த எல்லைக்கோட்டைப் பார்க்கலாம்: 2004ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சங்கம் அமைக்கும் உரிமையைக் கத்தார் குடிமக்களுக்கு மட்டும் வைத்திருக்கிறது, அந்த வரி இன்றும் அப்படியே இருக்கிறது. 2022 ஆகஸ்டில், கோப்பைக்கு மூன்று மாதம் முன்னால், மாதக்கணக்கில் சம்பளம் வராத ஊழியர்கள் தோஹாவில் சாலையை மறித்தார்கள். சம்பளப் பாக்கிக்கு அரசு ஏற்பாடு செய்தது. மறித்தவர்களில் சிலரை நாடு கடத்தவும் செய்தது.

தேக்கா வாசகி:

மிக்க நன்றி. கோப்பை முடிந்த பிறகு என்ன ஆனது? பாதிக்கப்பட்டவர்களுக்கு ஃபிஃபா பணம் கொடுத்ததா? மற்றது, சம்பளம் தராவிட்டால் அங்கே நடைமுறையில் என்ன செய்வது?

சிராங்கூன் நூலகன்:

முதல் கேள்விக்குச் சுருக்கமாக: இல்லை. 2022 மே மாதம் அம்னெஸ்டி உள்ளிட்ட அமைப்புகள், பரிசுத் தொகைக்குச் சமமான 44 கோடி டாலரை ஊழியர் இழப்பீட்டுக்கு ஒதுக்கச் சொன்னார்கள். 2024 நவம்பரில் ஃபிஃபா அறிவித்தது 5 கோடி டாலர் நிதி. அதுவும் உலகச் சுகாதார நிறுவனம், உலக வர்த்தக அமைப்பு, அகதிகள் ஆணையம் ஆகியவற்றோடு சேர்ந்த திட்டங்களுக்கு. ஊழியர் குடும்பங்களுக்கு நேராக ஒன்றும் இல்லை. அடுத்த மாதமே 2034 கோப்பை சவூதிக்கு உறுதியானது. கட்டட, மரத் தொழிலாளர் பன்னாட்டுச் சங்கம் அதே 2024 ஜூனில் சவூதிமீது உலகத் தொழிலாளர் அமைப்பில் முறையிட்டிருக்கிறது. அங்கே கத்திக்கு நாள் குறிப்பார்களா என்பதை உங்கள் வட்டத்தில் அடுத்த ஆண்டும் பேசலாம்.

கணக்குப்பிள்ளை:

சம்பளம் வராவிட்டால்: தொழிலாளர் அமைச்சில் புகார், இணையத்திலும் கொடுக்கலாம். முதலில் ஏழு நாள் சமரசம். ஒத்துவராவிட்டால் தகராறு தீர்ப்புக் குழுவுக்குப் போகும். நீதிபதி ஒருவர் தலைமை. முதல் அமர்விலிருந்து மூன்று வாரத்துக்குள் முடிவு சொல்லவேண்டும் என்பது 2017ஆம் ஆண்டின் 13ஆம் எண் சட்டம். மேல்முறையீட்டுக்கு 15 நாள். வேலை முடிந்து ஓராண்டுக்குள் கேட்காத பாக்கி காலாவதி.

மூன்று வாரம் என்பது சட்டத்தில். நடப்பில் மாதக்கணக்கு. அந்த மாதங்களில் ஊழியருக்குச் சம்பளமும் இல்லை, வேறு வேலையும் கடினம், தங்குமிடத்தில் சாப்பாட்டை நிறுத்திவிடுவார்கள். தீர்ப்பு கிடைத்தும் கம்பெனிக் கணக்கில் பணம் இல்லாமல் நிற்பவர்கள் உண்டு. அதற்குத்தான் ஊழியர் ஆதரவு நிதி. அதிலும் தீர்ப்புத்தாள் இல்லாமல் பைசா பெயராது, உச்ச வரம்பும் உண்டு. பாதியில் ஊருக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தால் பெரும்பாலானவர்கள் ஏறிவிடுகிறார்கள். முதலாளியும் அதைத்தான் எதிர்பார்த்துக் காத்திருப்பார். இங்கே வேலையை விட்ட ஆறு மாதத்துக்குள் சம்பளப் புகார் கொடுக்கவேண்டும் என்று கட்டாயம் இருப்பதால் சிங்கப்பூரில் இருந்தவர்கள் நாள் பார்க்கப் பழகியிருப்பார்கள். அந்தப் பழக்கம் அங்கேயும் உதவும்.

கிளம்பும் முன் ஊரில் கவனிக்கவேண்டியது இதைவிட முக்கியம். ஏஜென்டின் பதிவு எண்ணை இந்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் தேடிப் பார்க்கவேண்டும். சட்டப்படி அவர் வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் அதன்மேல் 18 விழுக்காடு வரியும், ஆக 35,400. அதற்கு மேல் கேட்டால் அந்தப் பணத்தை ஈட்டவே முதல் ஆண்டு போய்விடும், கடன் இருப்பவன் புகார் கொடுக்கமாட்டான். கத்தார் சட்டமோ ஆள் எடுக்கும் செலவை ஊழியரிடம் வாங்கவே கூடாது என்கிறது.

பத்தாவது தேறாதவர் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். வெளிநாட்டில் மூன்றாண்டுக்கு மேல் இருந்தவர் அதை நீக்கிக்கொள்ளத் தகுதி பெறுகிறார். சிங்கப்பூரிலிருந்து திரும்புகிறவர்களில் பலர் அப்படித்தான். நீக்கியதும் வசதி என்று நினைப்பார்கள். ஆனால் அனுமதி வழியே போகிறவருக்குத்தான் முதலாளி, ஒப்பந்தம், சம்பளம் எல்லாம் அரசுப் பதிவில் ஏறும். பத்து லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் அந்த வழியில் கட்டாயம். நீக்கியவர் தானே கேட்டு எடுத்துக்கொள்ளவேண்டும். விபத்துக் காப்பீடு என்பதையும் கவனியுங்கள், மேலே மருந்தகத் தாழ்வாரம் சொன்ன "இயற்கை மரணம்" அதில் வராது. தோஹாவில் இந்தியத் தூதரகத்தின் கீழ் இயங்கும் சமூக நல மன்றத்தின் ஆயுள் காப்பீட்டைப் போனதும் எடுத்துக்கொள்வது நல்லது.

தேக்கா வாசகி:

"முதல்ல விசிட் விசால போ, அங்க போய் மாத்திக்கலாம்" என்று சொன்னால்?

கணக்குப்பிள்ளை:

போகவேண்டாம். விசிட் விசாவில் போனவருக்கு ஒப்பந்தமும் இல்லை, காப்பீடும் இல்லை, வேலை செய்வதே குற்றம். ஒழுங்கான வேலை விசா என்றால் சென்னையில் உள்ள கத்தார் விசா மையத்துக்கு அழைப்பு வரும். கைரேகை, மருத்துவச் சோதனை, ஒப்பந்தக் கையெழுத்து மூன்றும் அங்கேயே முடியும். அந்த அழைப்பு வராத விசா வேலை விசா இல்லை என்றே வைத்துக்கொள்ளட்டும்.

தோஹாவில் இறங்கியதும் கம்பெனிக்காரர் ஒரு கட்டுக் காகிதம் நீட்டுவார். "பாஸ்போர்ட்டைப் பாதுகாப்பாக வைத்திருக்கும்படி நானே கேட்டுக்கொள்கிறேன்" என்ற தாள் அதில் ஒன்றாக இருக்கும். ஊழியர் எழுதிக் கேட்டால் மட்டுமே முதலாளி பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் 25,000 ரியால் வரை அபராதம் என்று 2015ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதால் வந்த தாள் அது. அதில் கையெழுத்துப் போடாமல் மற்றவற்றில் போடலாம். சென்னையில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைவிடச் சம்பளம் குறைவாக இன்னொரு ஒப்பந்தம் நீட்டினால் அதுதான் முதல் புகாருக்கான ஆதாரம், படம் பிடித்து அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடவேண்டும். சென்னை ஒப்பந்தத்தையும் ஒரு பக்கம் விடாமல் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். பலர் தங்களுக்குப் படிக்கத் தெரிந்த பக்கத்தை மட்டும் படம் எடுத்து வைத்திருப்பார்கள், அங்கே அரபுப் பக்கம்தான் செல்லும்.